மார்கரெட் ரூதர்ஃபோர்டு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஞாயிறு இரவுகளில் பழைய பிரிட்டிஷ் படங்கள் போட்டுப் பார்ப்பது பல வருட வழக்கம். அக்கா பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்கள் கூட்டிவரும் நண்பர்கள் என்று கூட்டம் மாறிக்கொண்டே இருக்கும். மார்கரெட் ரூதர்ஃபோர்டு திரையில் வந்ததும் எழும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்தம்மா? எங்கேயோ பார்த்த முகமா இருக்கே?

அகதா கிறிஸ்டி உருவாக்கிய துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளை வைத்து 1961 முதல் 1964 வரை வந்த நான்கு படங்களில் பார்த்திருப்பீர்கள். கனத்த உடம்பு, அடுக்கடுக்கான முகவாய், தோளில் ஒரு போர்வை அங்கி, யாருக்கும் அசராத பார்வை. ஒருமுறை பார்த்தால் மறக்காத முகம்.

லண்டனில் பாலம் என்ற பகுதியில் 1892 மே 11 அன்று பிறந்தார். 1972 மே 22 அன்று இறந்தார். அடிப்படையில் மேடை நடிகை. முதல் படங்களில் தலைகாட்டியபோது அவருக்கு 44 வயது. மிஸ் மார்ப்பிளாக உலகம் அவரைத் தெரிந்துகொண்டபோது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போ துணை நடிகைதானே? எதுக்கு 'குணச்சித்திர நடிகை'ன்னு பெரிசா சொல்றீங்க?

நம் ஊரில் துணை நடிகை என்றால் கூட்டத்தில் நிற்பவர் என்ற பொருளும் உண்டு, அதனால்தான் அந்தச் சொல்லைத் தவிர்க்கிறேன். குணச்சித்திர நடிகர் வரும் ஐந்து நிமிடத்தில் ஒரு முழு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அந்த ஆள் நேற்று என்ன செய்துகொண்டிருந்தார், நாளைக்கு என்ன செய்வார் என்பதுகூட நமக்குத் தெரிந்தமாதிரி இருக்கும்.

1949-இல் வந்த 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஒரு பேட்டை சட்டப்படி பர்கண்டி நாட்டுக்குச் சொந்தம் என்று ஒரு பழைய ஓலை சொல்கிறது. அது உண்மைதான் என்று சாட்சி சொல்ல வரும் சரித்திரப் பேராசிரியை ஹாட்டன் ஜோன்ஸ்தான் ரூதர்ஃபோர்டு. படத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறார். ஆனால் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய செய்தியை நேற்று நடந்த ஊர்வம்பு மாதிரி அவர் பரவசத்தோடு சொல்வதால்தான் அந்த நம்பமுடியாத கதையை நாம் நம்பிவிடுகிறோம். படம் முழுக்க அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இவங்க சின்ன வயசுல மெட்ராஸ்ல இருந்தாங்கன்னு சொன்னீங்களே, நிஜமாவா?

நிஜம்தான், ஆனால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை இல்லை. கைக்குழந்தையாக இருந்த மார்கரெட்டைத் தூக்கிக்கொண்டு அவருடைய பெற்றோர் மெட்ராஸுக்குக் குடிவந்தார்கள். அவருக்கு மூன்று வயதிருக்கும்போது, கர்ப்பமாக இருந்த அம்மா ஃபுளோரன்ஸ் இங்கேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தையை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். விம்பிள்டனில் இருந்த பெஸ்ஸி என்ற பெரியவர், அம்மா வழிச் சொந்தம், தாயாக இருந்து வளர்த்தார்.

இதைச் சொன்னதும் அறையே அமைதியாகிவிடும். அடுத்த கேள்வி எப்போதும் கீழே உள்ளதுதான்.

எதுக்கு மெட்ராஸுக்கு வந்தாங்க? அப்பா ஏதோ கொலை செஞ்சவர்னு படிச்சேனே?

அப்பாவின் இயற்பெயர் வில்லியம் ரூதர்ஃபோர்டு பென். திருமணமான சில வாரங்களிலேயே மனநோய் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கொஞ்சம் தேறியதும், 1883 மார்ச்சில், ஓய்வுக்காக அவருடைய தந்தை பாதிரியார் ஜூலியஸ் பென் அவரை மாட்லாக் என்ற ஊருக்கு அழைத்துப்போனார். அங்கே நோய் முற்றிய நிலையில் தந்தையையே அடித்துக் கொன்றுவிட்டார். பிராட்மூர் என்ற மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டு, 1890-இல் வெளியே வந்தார். 'பென்' என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு நடுப்பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். மார்கரெட் பிறந்ததும், பழைய கதை தெரியாத தூர தேசமாக மெட்ராஸைத் தேடி வந்தார்கள்.

குழந்தையிடம், அம்மா போன துக்கத்தில் அப்பாவும் இறந்துவிட்டார் என்று சொல்லி வளர்த்தார்கள். அப்பா உயிரோடு இருக்கிறார், மறுபடி பிராட்மூரில் இருக்கிறார் என்பது பன்னிரண்டு வயதில்தான் தெரியவந்தது. அவர் 1921 வரை அங்கேயே இருந்து இறந்தார். அந்த நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் மார்கரெட்டை வாழ்நாள் முழுக்க விடவில்லை. கடுமையான மனச்சோர்வு அவ்வப்போது வந்து அவரைப் படுக்கையில் தள்ளியதும் உண்டு. திரையில் 'கிறுக்குக் கிழவி' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிற வேடங்களை இவ்வளவு பயத்தைச் சுமந்த ஒருவர் செய்தார் என்பது தெரிந்த பிறகு, என்னால் அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

அப்போ அணு விஞ்ஞானி ரூதர்ஃபோர்டுக்குச் சொந்தம் இல்லையா?

இல்லை. மேலே சொன்னபடி, அது அப்பா மாற்றிக்கொண்ட பெயர். குடும்பம் பென் குடும்பம்தான். அப்பாவின் அண்ணன் ஜான் பென் அரசியல்வாதி. அவருடைய மகன் வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர். அவருடைய மகன்தான் தொழிற்கட்சித் தலைவர்களில் புகழ்பெற்ற டோனி பென். நம் முறைப்படி சொன்னால் டோனி பென்னுக்கு மார்கரெட் அத்தை.

33 வயசுலதான் நடிக்கவே வந்தாங்களாமே? அதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?

பியானோ சொல்லிக்கொடுத்தார். பேச்சுப் பயிற்சி வகுப்பும் எடுத்தார். விம்பிள்டன் தெருக்களில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய் டியூஷன். நடிக்கும் ஆசை பள்ளிக் காலத்திலிருந்தே உண்டு, வழிதான் இல்லை. பெஸ்ஸி இறந்து அவர் விட்டுப்போன சிறு தொகை கைக்கு வந்த பிறகு, 1925-இல் லண்டனின் ஓல்டு விக் அரங்கில் பயிற்சி நடிகையாகச் சேர்ந்தார். கூட இருந்தவர்கள் எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள்.

ஒரு சீசனோடு அதுவும் முடிந்தது, மறுபடி பியானோ வகுப்பு. அப்புறம் சின்னச் சின்ன நாடகக் குழுக்கள். அந்தக் கால இங்கிலாந்தில் 'ரெப்பர்டரி' என்று ஒரு முறை இருந்தது: ஓர் ஊரில் நிலையாக ஒரு குழு, வாரத்துக்கு ஒரு புது நாடகம். இந்த வாரம் மேடையேறும்போதே அடுத்த வார வசனத்தை மனப்பாடம் செய்யவேண்டியிருந்தது. நம் பாய்ஸ் கம்பெனிகள் மாதிரி கடுமையான பட்டறை, ஆனால் பெரியவர்களுக்கு. லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் அவர் மேடையேறியது 1933-இல். அப்போது வயது 41.

எந்த நாடகத்துல பேர் வாங்கினாங்க?

1938-இல் 'ஸ்பிரிங் மீட்டிங்' என்ற நகைச்சுவை நாடகம். குதிரைப் பந்தயத்தில் ரகசியமாகப் பணம் கட்டும் பிஜூ என்ற முதிர்கன்னி வேடம். அடுத்த வருடம் ஜான் கீல்குட் இயக்கிய 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னெஸ்ட்' நாடகத்தில் ஆசிரியை மிஸ் பிரிஸம். இரண்டும் சிரிப்பு வேடங்கள்.

ஆனால் 1940-ஐ யாரும் கேட்பதில்லை, நானாகவே சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் 'ரெபேக்கா' நாடகத்தில் மிஸஸ் டான்வர்ஸாக நடித்தார். செத்துப்போன எஜமானியின் நினைவை வைத்துப் புது மனைவியை வதைக்கும் வீட்டுப் பொறுப்பாளினி அவள். சிரிப்புக்கு அதில் துளி இடம் கிடையாது. செப்டம்பரில் ஜெர்மன் குண்டு குவீன்ஸ் தியேட்டர் மேல் விழுந்தது, லண்டனில் அந்த நாடகம் அதோடு நின்றது. அதை யாரும் படம் பிடித்துவைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

'பிளைத் ஸ்பிரிட்'ல வர்ற ஆவி கூப்பிடுற அம்மா, நாடகத்துலயும் இவங்கதானா?

ஆமாம். நோயல் கோவர்டு எழுதி 1941 ஜூலையில் மேடையேறிய நாடகம். நாவலாசிரியர் ஒருவர் கதைக்குத் தகவல் திரட்ட மேடம் ஆர்காட்டி என்ற ஆவியுலகப் பெண்மணியை விருந்துக்கு அழைக்கிறார். அவர் வந்து கூப்பிட, நாவலாசிரியரின் செத்துப்போன முதல் மனைவி நிஜமாகவே வந்துவிடுகிறாள், இரண்டாவது மனைவி பக்கத்தில் இருக்கும்போதே. குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில், சாவைப் பற்றிய அந்த நகைச்சுவை 1,997 காட்சிகள் ஓடியது. 1945-இல் டேவிட் லீன் அதை வண்ணப் படமாக எடுத்தபோது ஆர்காட்டி வேடத்துக்கு வேறு யாரையும் யோசிக்க இடமே இல்லாமல் போயிருந்தது.

இந்த வேடம் வந்தபோது முதலில் அவர் தயங்கினார். ஆவிகளோடு பேசுகிறவர்களை அவர் மதித்தார், அவர்களைக் கேலி செய்கிற நாடகத்தில் நடிக்க மனம் ஒப்பவில்லை. பிறகு ஒப்புக்கொண்டு நடித்தபோதும் கேலியாக நடிக்கவே இல்லை. படத்தில் கவனித்துப் பாருங்கள்: சைக்கிளில் வந்து இறங்கி, தொழில் தெரிந்த ஒரு டாக்டரோ எலெக்ட்ரீஷியனோ வேலைக்கு முன் செய்வதுபோல் அறையைச் சரிபார்க்கிறார். ஆவி வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வருவது பயம் இல்லை, 'என் வேலை பலித்துவிட்டது' என்கிற சந்தோஷம். நாம் சிரிப்பது அந்தச் சந்தோஷம் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான்.

சினிமாவுக்கு வந்தப்புறம் நாடகத்தை விட்டுட்டாங்களா?

விடவே இல்லை, விடவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அமெரிக்காவில் நாடகம் நியூயார்க்கில், சினிமா ஹாலிவுட்டில்; நடுவில் ஒரு கண்டம். இங்கிலாந்தில் டென்ஹாம், பைன்வுட், ஈலிங் ஸ்டூடியோக்கள் எல்லாம் லண்டனிலும் அதைச் சுற்றியும்தான். பகலில் படப்பிடிப்பு, மாலையில் காரில் ஏறி வெஸ்ட் எண்டுக்கு வந்து நாடகம் என்று இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் ஏராளம். பிரிட்டிஷ் படங்களில் இரண்டு நிமிட வேடத்துக்குக்கூட தேர்ந்த மேடை நடிகர் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில வேடங்கள் மேடையிலிருந்தே திரைக்கு வந்தன. 'தி ஹேப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' 1948-இல் நாடகம், 1950-இல் படம். அரசு அலுவலகத்தின் குளறுபடியால் ஒரு பெண்கள் பள்ளி முழுவதும் ஆண்கள் பள்ளிக்குள் குடியேற நேர்கிறது. இரண்டிலும் தலைமையாசிரியை இவர்தான். படத்தில் எதிரே ஆண்கள் பள்ளித் தலைமையாசிரியராக அலஸ்டர் சிம். இரண்டு கப்பல்கள் குறுகலான வாய்க்காலில் எதிரெதிரே வந்தமாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று முறை போட்டாயிற்று.

மேடை நடிப்பு கேமராவுக்கு ஓவரா இருக்காதா? இவங்க கொஞ்சம் ஓவராத்தானே பண்றாங்க?

கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் கேட்ட கேள்வி. நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மேடையில் கடைசி வரிசைக்கும் போய்ச் சேரவேண்டும், அதனால் குரல், கை, முகம் எல்லாம் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். கேமரா மூக்குக்கு முன்னால் நிற்கிறது, அங்கே அதே அளவு செய்தால் மிகையாகிவிடும். மேடையிலிருந்து வந்த பலர் சினிமாவுக்காக எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டார்கள். ரூதர்ஃபோர்டு அதிகம் குறைக்கவில்லை என்பது உண்மைதான். முகவாய் ஆடும், கண் உருளும், குரல் ஏறி இறங்கும்.

ஆனாலும் மிகை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. காரணம், 'பாருங்கள், நான் எவ்வளவு வேடிக்கையான ஆள்' என்று அவர் ஒருமுறைகூட நம்மிடம் கண்ணடிப்பதில்லை. மிகை நடிப்பு நம்மைப் பார்த்து நடிப்பது. இவர் தன் வேலையைப் பார்க்கிறார். 1948-இல் வந்த 'மிராண்டா'வில் இவர் நர்ஸ். கவனித்துக்கொள்ளவேண்டிய நோயாளி ஒரு கடற்கன்னி. போர்வைக்குக் கீழே மீன் வால் இருப்பது தெரிந்ததும் அவர் அலறுவதில்லை, வாழ்நாள் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தவர்போல மலர்ந்துபோகிறார். வால் இருந்தால் என்ன, நோயாளி நோயாளிதானே? அந்த மலர்ச்சி பெரிய அளவில்தான் இருக்கிறது, ஆனால் பொய் இல்லை.

சந்தேகம் தீராவிட்டால் ஆர்சன் வெல்ஸின் 'சைம்ஸ் அட் மிட்நைட்' (1965) பாருங்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் குண்டுக் குடிகாரர் ஃபால்ஸ்டாஃப் எப்படிச் செத்தார் என்று விடுதிக்காரி மிஸ்ட்ரஸ் குயிக்லி சொல்லும் இடம். பாதத்தைத் தொட்டேன், கல்மாதிரிச் சில்லிட்டிருந்தது, மேலே மேலே தொட்டேன், எல்லாம் கல்லாகவே இருந்தது என்று சொல்லும்போது, அதே முகவாய், அதே குரல்தான். யாருக்கும் சிரிப்பு வராது.

எர்னெஸ்ட் படத்துல இவங்க மிஸ் பிரிஸம்தானே? லேடி பிராக்னெலா நடிச்சாங்கன்னு ஒருத்தர் சண்டை போட்டார்.

இருவரும் சரி. 1939 நாடகத்திலும் 1952 படத்திலும் மிஸ் பிரிஸம், இரண்டிலும் லேடி பிராக்னெல் ஈடித் எவன்ஸ். ஆனால் 1947-இல் கீல்குட் அதே நாடகத்தை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோனபோது லேடி பிராக்னெலாக நடித்தது ரூதர்ஃபோர்டுதான். அந்த நாடகத்தில் எஜமானியம்மாவும் அவரைக் கண்டாலே நடுங்கும் ஆசிரியையும் நேருக்கு நேர் எதிரிகள். இரண்டு வேடத்தையும் பெரிய மேடைகளில் செய்தவர் என்பதை, 'ஒரே மாதிரிதானே நடிப்பார்' என்கிறவர்களிடம் சொல்லுங்கள்.

புத்தகத்துல மிஸ் மார்ப்பிள் ஒல்லியான பாட்டி. இவங்களைப் போட்டது அகதா கிறிஸ்டிக்கே பிடிக்கலையாமே?

படங்கள் பிடிக்கவில்லை, ரூதர்ஃபோர்டைப் பிடித்திருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். கதைகளை எம்ஜிஎம் படக் கம்பெனி தாராளமாக மாற்றியது. 'மர்டர், ஷி செட்' படத்தில், ஓடும் ரயிலில் கொலையைப் பார்க்கும் தோழி, வேலைக்காரியாகப் போய் வேவு பார்க்கும் இளம்பெண், யோசிக்கும் மிஸ் மார்ப்பிள் என்று நாவலில் மூன்று பேர் செய்வதை இவர் ஒருவரே செய்கிறார். அடுத்த இரண்டு படங்களும் உண்மையில் கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான பொய்ரோ துப்பறியும் நாவல்கள். நான்காவது 'மர்டர் அஹாய்' கிறிஸ்டி எழுதிய கதையே இல்லை. எழுதியவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனாலும் 1962-இல் வந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்' என்ற மிஸ் மார்ப்பிள் நாவலை, 'வியந்து பாராட்டி, மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கு' என்று அவர் பெயருக்கே சமர்ப்பித்தார் கிறிஸ்டி.

இந்த வேடத்துக்கும் அவர் முதலில் தயங்கியவர்தான். கொலைக் கதை அவருக்குப் பிடிக்காது, குடும்பக் கதை தெரிந்த நமக்கு அதன் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஒப்புக்கொண்ட பிறகு தன் சொந்த உடைகளையே போட்டுக்கொண்டு நடித்தார். எழுபது வயதில் குதிரை ஏறினார், ட்விஸ்ட் ஆடினார், வாள் சண்டை போட்டார். இன்னொரு செய்தி: முதல் படத்தில் வீட்டு வேலைக்கு வரும் மிஸஸ் கிடர் வேடத்தில் இருப்பவர் ஜோன் ஹிக்சன். 1984-இல் தொடங்கிய பிபிசி தொடரில் புத்தகத்துக்கு மிக நெருக்கமான மிஸ் மார்ப்பிள் என்று பெயர் வாங்கியவர் அவர்தான். எனக்கு இருவரும் வேண்டும்.

மார்ப்பிள் படங்கள்ல கூடவே தயங்கித் தயங்கி வர்ற அந்த லைப்ரரிக்காரர் நிஜத்துலயும் கணவரா?

ஆமாம், ஸ்ட்ரிங்கர் டேவிஸ். அந்தப் பாத்திரத்துக்கே 'மிஸ்டர் ஸ்ட்ரிங்கர்' என்றுதான் பெயர், புத்தகங்களில் அப்படி ஒருவர் கிடையாது. 1930-இல் ஆக்ஸ்ஃபோர்டு நாடகக் குழுவில் சந்தித்தார்கள். ஸ்ட்ரிங்கரின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பம் இல்லை. அம்மா காலமான பிறகு, 1945-இல்தான் கல்யாணம். மணமகள் ஐம்பதைத் தாண்டியிருந்தார், மணமகன் அவரைவிட ஏழு வயது இளையவர். அதன் பிறகு மனைவி நடித்த பல படங்களில் ஏதாவது ஒரு மூலையில் அவரும் இருப்பார். தேடிப் பிடிப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

சொந்தப் பிள்ளைகள் இல்லை. வளர்ந்த இளைஞர்கள் சிலரைப் பிள்ளைகளாகவே வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் பெண்ணாக மாறிய எழுத்தாளர் டான் லாங்லி சிமன்ஸ்.

ஆஸ்கார் மிஸ் மார்ப்பிளுக்காகவா?

இல்லை. 1963-இல் வந்த 'தி வி.ஐ.பி.ஸ்' படத்துக்காக, சிறந்த துணை நடிகை விருது. பனிமூட்டத்தால் லண்டன் விமான நிலையத்தில் சிக்கிக்கொண்ட பயணிகளின் கதை. நாயகி எலிசபெத் டெய்லர், நாயகன் ரிச்சர்டு பர்ட்டன். ரூதர்ஃபோர்டு, பரம்பரை மாளிகையைக் காப்பாற்றக் காசில்லாமல் ஃபுளோரிடாவுக்கு வேலைக்குப் போகக் கிளம்பும் பிரைட்டன் சீமாட்டி. விமானம் என்றாலே பயம், மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருப்பார். டெய்லர், பர்ட்டன் காதல் விவகாரத்தைப் பார்க்கத்தான் அன்று கூட்டம் போனது. இன்று அந்தப் படத்தைப் போட்டால் எல்லோரும் இவர் எப்போது வருவார் என்றுதான் காத்திருக்கிறார்கள். விருது மேடையில் அவருக்குப் பதிலாகப் பீட்டர் உஸ்தினோவ் பெற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் அரச கௌரவங்களும் வந்தன: 1961-இல் ஓபிஇ, 1967-இல் 'டேம்' பட்டம்.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

1966-இல் லண்டன் ஹேமார்க்கெட்டில் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் மிஸஸ் மாலப்ராப். உடம்பு ஒத்துழைக்காமல் நடுவிலேயே விலகவேண்டியதாயிற்று. வசனத்தையே ஊன்றி வாழ்ந்தவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது, அல்சைமர். பக்கிங்காம்ஷயர் வீட்டில் ஸ்ட்ரிங்கர்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். அவர் போன அடுத்த வருடமே ஸ்ட்ரிங்கரும் போய்விட்டார். ஜெரார்ட்ஸ் கிராஸ் என்ற ஊரின் கல்லறையில் இருவரும் ஒன்றாக இருக்கிறார்கள்.

சரி, ஒரே ஒரு படம் பார்க்கணும்னா எதைப் பார்க்க?

பலரும் 'பிளைத் ஸ்பிரிட்' என்பார்கள். நான் 1957-இல் வந்த 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' என்பேன். ரயில் பாலத்தடியில் இடிந்துபோன ஒரு சினிமா கொட்டகை, அதை விட்டுப் போக மனமில்லாத மூன்று பழைய ஊழியர்கள். படம் ஓட்டுபவர் பீட்டர் செல்லர்ஸ், வாசல் காவலாளி பெர்னார்டு மைல்ஸ், டிக்கெட் கொடுக்கும் மிஸஸ் ஃபசாக்கலி நம் ரூதர்ஃபோர்டு. மௌனப் படக் காலத்தில் அதே கொட்டகையில் அவள் பியானோ வாசித்தவள்.

ஓர் இரவு, கொட்டகை வாரிசுச் சொத்தாக வந்துசேர்ந்த இளம் தம்பதி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். மூன்று பேரும் தங்களுக்காக மட்டும் ஒரு பழைய மௌனப் படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். திரையை நிமிர்ந்து பார்த்தபடி மிஸஸ் ஃபசாக்கலி வாசிக்கிறாள். விம்பிள்டனில் சைக்கிளில் போய் பியானோ சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, பிள்ளைகளையும் உட்காரவைக்கலாம்.